வெள்ளைப் பல்லும் ஒற்றை மூக்குத் தும்மலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏறக்குறைய ஐந்து மாதம் ஒரு நாய் தும்மிக்கொண்டிருந்தது. தொடக்கத்திலிருந்தே அது என்னிடம்தான் வந்தது. நான் அதன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோளாறு அங்கிருந்து நாலு விரற்கடை தூரத்தில், வாய்க்குள் இருந்தது.

அபூர்வமான நோய் என்பதால் இதை எழுதவில்லை. சின்ன இன நாய்களில், அதிலும் நீள மூக்கு டாஷ்ஹண்ட்களில், இது சாதாரணமாக வருவதுதான். நானும் படித்திருக்கிறேன், தேர்வில்கூட எழுதியிருக்கிறேன். அப்படியும் தவறவிட்டேன். எந்த இடத்தில் வழுக்கினேன் என்று எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவலாம். நாய் வளர்க்கிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

நோயாளி

பெயர் சிட்டு என்று வைத்துக்கொள்வோம். டாஷ்ஹண்ட், பெண், கருத்தடை செய்தது, வயது 9, எடை 7.4 கிலோ. வளர்ப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். தடுப்பூசி, குடற்புழு மருந்து எதிலும் ஒரு நாள் தவறாதவர். வீட்டில் சிட்டுவைத் தவிர வேறு விலங்கு இல்லை.

முதல் நான்கு வருகைகள்

முதல் முறை வந்தபோது மூன்று நாள் தும்மல். காய்ச்சல் இல்லை, நெஞ்சில் சத்தம் சுத்தமாக இருந்தது, சாப்பாட்டில் குறை இல்லை. வீட்டில் பெயின்ட் அடிக்கும் வேலை நடப்பதாகச் சொன்னார். சரி, அந்த வாடைதான் என்று ஒவ்வாமை மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அன்று உதட்டைத் தூக்கிப் பல்லையும் பார்த்திருக்கிறேன். 'பற்கள்: சுத்தம்' என்று என் கையெழுத்திலேயே பதிவு இருக்கிறது. இந்த இரண்டு சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். இப்போது தும்மலோடு சளியும் இருந்தது, மஞ்சள் நிறத்தில், வலது மூக்கில் மட்டும். 'வலது' என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. டாக்சிசைக்ளின் பத்து நாள் கொடுத்தேன். நான்காம் நாளே நன்றாகிவிட்டது என்று டீச்சர் போன் செய்தார்.

மருந்துக்குக் கேட்டதுதான் பொறியாகிவிட்டது. சளி குறைந்ததும் 'சரியான மருந்துதான்' என்று இருவரும் திருப்திப்பட்டோம். மருந்து நின்ற இரண்டாவது வாரம் அதே மூக்கில் அதே சளி. இந்த முறை வேறு ஆன்டிபயாடிக் கொடுத்தேன். மறுபடி கேட்டது, மறுபடி திரும்பியது. ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்போது அதன் வழியாக வரும் கிருமிகளைக் கொஞ்ச நாள் குறைத்து வைத்தால் இப்படித்தான் நடக்கும். இன்று இதை எழுதுவது எளிது.

நான்காவது முறை வந்தபோது சுவரில் பொட்டுப் பொட்டாக ரத்தம் தெறித்ததை டீச்சர் செல்போனில் படமெடுத்து வந்திருந்தார். அப்போதுதான் பயந்தேன். வயதான நாய்க்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியும் ரத்தமும் வந்தால் நினைக்க வேண்டியவை நான்கு: மூக்குக்குள் கட்டி, பூஞ்சை, புல்லோ விதையோ போய் மாட்டிக்கொண்டது, பல். என் மனம் நேராக முதலாவதுக்குப் போய்விட்டது. சி.டி. ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கு அனுப்பலாம் என்று சொல்லும்போது "கட்டியாவும் இருக்கலாம் டீச்சர்" என்ற வார்த்தையும் வந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நோட்டுப்புத்தகம்

கோடு போட்ட சாதாரண நோட்டு. பக்கத்துக்கு இரண்டு பத்தி பிரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்திருந்தார். இடது பக்கம் சிட்டு சாப்பிட்ட நேரம், வலது பக்கம் தும்மிய நேரமும் எண்ணிக்கையும். மூன்று வாரக் கணக்கு. காலை 7.10 சாப்பாடு, 7.16 தும்மல், ஆறு முறை. இரவு 7.30 சாப்பாடு, 7.35 தும்மல், ஒன்பது முறை. நடுவில் பகல் முழுக்க ஒன்றிரண்டுதான்.

"சாப்ட்ட உடனேதான் டாக்டர் ஜாஸ்தி வருது. உங்ககிட்ட மொதல்லயே சொன்னேனே."

சொல்லியிருப்பார். என் பதிவில் இல்லை.

கட்டி சாப்பாட்டு நேரம் பார்த்துத் தும்ம வைக்காது. சாப்பிட்ட ஐந்தாறு நிமிடத்தில் ஒரே மூக்கு எரிச்சலடைகிறது என்றால், வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் எங்கோ வழி திறந்திருக்கிறது. சிட்டுவை மேசையில் ஏற்றி, வலது உதட்டைத் தூக்கினேன். கோரைப்பல் வெள்ளைவெளேரென்று இருந்தது, ஈறு இளஞ்சிவப்பு. முதல் வருகையில் பார்த்த அதே காட்சி. இந்த முறை வாயைத் திறந்து, பல்லின் உள்பக்கம், அண்ணத்தைப் பார்த்த முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைத் திருப்புவதற்குள் ஒரு நொடிதான் கிடைத்தது. பல்லை ஒட்டி அரிவாள் வளைவாக ஒரு சிவப்புக் கோடு. குனிந்தபோது வாடையும் அடித்தது.

விழித்திருக்கும் நாயிடம் இதற்குமேல் பார்க்க முடியாது. ஆழத்தை அளக்க மயக்கம் வேண்டும்.

அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது

ஒன்பது வயது டாஷ்ஹண்டுக்கு இவ்வளவு வெள்ளைப் பல் எப்படி என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கடைசியில் கேட்டேன். குளிப்பாட்டி, நகமும் முடியும் வெட்டிவிடும் இடமொன்றில், இரண்டு வருடத்தில் மூன்று முறை, மயக்க மருந்து இல்லாமலே பல்லில் படிந்த காரையைச் சுரண்டியிருக்கிறார்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் சுரண்டுவாராம். "மயக்கம் இல்லாம பண்றது நல்லதுதானேன்னு நெனச்சேன் டாக்டர்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மயக்கம் வேண்டாம் என்று நினைக்காத வளர்ப்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாயின் பல் பிரச்சினை நம்முடையது போல இல்லை. நமக்குச் சொத்தை, அதற்கு ஈறு. அதன் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் சொத்தை குறைவு, காரை படிவது வேகம். பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத கிருமிப் படலம் பல்மேல் படரத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாளில் எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து அது கெட்டிப்பட்டுக் காரையாகிறது. நம் கண்ணில் படுவது காரை. ஆனால் சேதம் செய்வது படலம்தான், அதுவும் ஈறுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அங்கே உடல் அதோடு சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் பல்லைத் தாங்கும் நாரும் எலும்பும் கரைகின்றன. ஈறு வீங்கிச் சிவந்த அளவில் பிடித்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். எலும்பு கரைந்தால் கரைந்ததுதான்.

விழித்திருக்கும் நாயிடம் சுரண்ட முடிவது உதட்டைத் தூக்கினால் தெரிகிற பரப்பை மட்டும். ஈறுக்கு அடியிலும் உள்பக்கத்திலும் கருவி போகாது. கூர்முனையால் சுரண்டிய பல்லை மெருகேற்றாமல் விட்டால் நுண்ணிய கீறல்கள் நிற்கும். அடுத்த படலம் அதில் இன்னும் நன்றாக ஒட்டும். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய தீமை, வளர்ப்பவருக்கும் மருத்துவருக்கும் அது தருகிற பொய்யான நிம்மதி. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2019-இல் வெளியிட்ட பல் பராமரிப்பு வழிகாட்டுதல், உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் இரண்டுமே மயக்கமில்லாச் சுத்தத்தை ஏற்பதில்லை. அவற்றை நான் படித்திருந்தேன். இருந்தும் 'பற்கள்: சுத்தம்' என்று எழுதினேன். பழுப்புக் காரை இருந்திருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும் என்பதுதான் வேடிக்கை.

மயக்கத்துக்கு முன்

"வயசாயிடுச்சே டாக்டர், மயக்கம் தாங்குமா?"

சிட்டுவின் இதயத்தில், இடப்பக்கம், மெலிதான ஒரு முணுமுணுப்பு இருந்தது. ஆறு நிலைகளில் இரண்டாம் நிலை. சின்ன இன நாய்களுக்கு வயதாகும்போது இதய வால்வு தடித்து இப்படி வருவதுண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தின் அளவு சரியாக இருந்தது. ரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல் கணக்குகள் ஒழுங்கு. ரத்தம் உறையும் நேரமும் பார்த்தேன், மூக்கில் ரத்தம் வந்த நாய் என்பதால். ரத்த அழுத்தம் இயல்பு.

டீச்சரிடம் நான் சொன்னது இதுதான்: வயது ஒரு நோய் இல்லை. ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் உண்டு. ஆனால் தினமும் சோற்றுத் துணுக்கும் எச்சிலும் மூக்குக்குள் போய்க்கொண்டிருப்பதும் ஆபத்துதான், அது நிற்கப் போவதில்லை. ஒரு இரவு யோசித்து மறுநாள் சரி என்றார்.

வாய்க்குள்

புரோபோஃபோல் ஊசியால் மயக்கி, காற்றுப்பை உள்ள குழாயை மூச்சுக்குழலில் செருகி, ஐசோஃபுளூரேன் என்ற மயக்க வாயுவில் வைத்தோம். வாயில் தண்ணீர் தெளிக்கும் வேலை என்பதால் அந்தக் காற்றுப்பை முக்கியம். தண்ணீரும் காரைத் தூளும் நுரையீரலுக்குப் போகாமல் அதுதான் தடுக்கிறது. சின்ன நாய், ஈர வாய், இரண்டு மணி நேரம் என்று மூன்றும் சேர்ந்தால் உடல் குளிர்ந்துவிடும். வெந்நீர் ஓடும் விரிப்பில் படுக்க வைத்தும் 38.3-இலிருந்து 36.6 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அடுத்த முறை பாதங்களையும் சுற்றி வைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

முதலில் கணக்கெடுப்பு. வளர்ந்த நாய்க்கு 42 பல். சிட்டுவுக்கு 40 இருந்தது. கீழ்த்தாடையில் இருபக்கமும் முதல் முன்கடைவாய்ப்பல் இல்லை. சின்ன இனங்களில் பிறவியிலேயே இல்லாமல் போவதுண்டு. ஆனால் 'இல்லை' என்று கண்ணால் பார்த்து எழுதக் கூடாது. முளைக்காமல் எலும்புக்குள் புதைந்து கிடந்தால் அதைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்து தாடையைத் தின்றுவிடும். எக்ஸ்ரே எடுத்தோம், நிஜமாகவே இல்லை.

பற்களை எண்ணால் குறிப்பது எங்கள் வழக்கம். மேல் வலது 100 வரிசை, மேல் இடது 200, கீழ் இடது 300, கீழ் வலது 400. கோரைப்பல் எப்போதும் நான்காம் எண். ஆகவே வலது மேல் கோரைப்பல் 104.

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் இறக்கிப் பார்க்கிறோம். நாய்க்கு 3 மி.மீ. வரை இயல்பு. 104-இன் வெளிப்பக்கத்தில் நான்கு இடத்தில் அளந்தேன்: 2, 2, 3, 2. நான் முதல் நாள் பார்த்து ஏமாந்த பக்கம், அளவிலும் குறை சொல்ல முடியாத பக்கம். உள்பக்கம் திருப்பினேன். முன் ஓரத்தில் 3. கொஞ்சம் நகர்த்தினேன், 4. இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தியதும் கோல் எங்கும் முட்டாமல் இறங்கியது. 12 என்ற கோடும் ஈறுக்குள் மறைந்தது. தலைமாட்டில் மயக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்த உதவியாளர் "டாக்டர், மூக்கு" என்றார். வலது மூக்குத் துவாரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றது.

சந்தேகம் தீர, உப்புநீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து அந்த ஈறுப்பைக்குள் மெதுவாகச் செலுத்தினோம். மூக்கு வழியாக வழிந்தது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் புரையோடிய வழி. பெரிய ஓட்டையாகக் கண்ணுக்குத் தெரியாது. பல் அங்கேயே உட்கார்ந்து அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

மேல் கோரைப்பல்லின் அமைப்பு தெரிந்தால் இது ஏன் அங்கே வருகிறது என்று புரியும். வெளியே தெரியும் பகுதியைவிட வேர் நீளம். நேராக மேலே போகாமல் பின்னோக்கி வளைந்து, அடுத்த பற்களின் தலைக்கு மேலே போய் முடிகிறது. அந்த வேரின் உள்பக்கத்துக்கும் மூக்கறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடு, சின்ன நாய்களில் ஒன்றிரண்டு மி.மீ. தடிமன்தான். ஈறு நோய் உள்பக்கமாக இறங்கினால் அந்தத் தகடு வெகுநாள் தாங்காது.

எக்ஸ்ரேயில் 104 அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்பக்கச் சேதத்தின்மேல் வேரின் நிழல் விழுந்து மறைத்துவிடுகிறது. படம் நன்றாக இருக்கிறது என்று அளவுகோலைத் தொடாமல் விட்டால் இரண்டாம் முறையும் ஏமாந்திருப்பேன்.

மற்ற பற்களைப் பொறுத்தவரை: 104-க்குப் பின்னாலிருந்த 105-இல் 6 மி.மீ., பாதிக்கு மேல் எலும்பு போயிருந்தது. கீழ் முன்வரிசையில் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் (301, 401) விரலால் தொட்டால் ஆடின. இடது மேல் கோரைப்பல் 204-இன் உள்பக்கத்தில் 5 மி.மீ., மூக்கு வரை போகவில்லை. மீதி எல்லாம் சுமாருக்கு மேல்.

என்ன செய்தோம்

டீச்சரைப் போனில் பிடித்து நிலைமையைச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். நான்கு பல் எடுக்க வேண்டும். 204 பற்றி மட்டும் யோசிக்க வேண்டியிருந்தது. மறுபக்கம் நடந்தது இங்கேயும் நடக்கும், இதையும் எடுத்துவிடலாம் என்பது ஒரு வாதம். 5 மி.மீ. என்பது வேரைச் சுரண்டி வழவழப்பாக்கிக் காப்பாற்றிப் பார்க்கக்கூடிய ஆழம் என்பது இன்னொரு வாதம். அதைக் காப்பாற்றுவதென்றால் தினமும் துலக்க வேண்டும், ஆறு மாதத்தில் மறுபடி மயக்கத்தில் அளக்க வேண்டும். வேறொரு வீடாக இருந்தால் எடுத்திருப்பேன். அந்த நோட்டுப்புத்தகத்தை நம்பி விட்டுவைத்தேன்.

முதலில் எல்லாப் பற்களிலும், ஈறுக்கு மேலும் அடியிலும், காரை எடுத்து மெருகேற்றினோம். 204-ஐச் சுரண்டி, டாக்சிசைக்ளின் கூழை அந்தப் பையில் நிரப்பினோம். பிறகு கண்ணுக்குக் கீழே எலும்புத் துளையில் வெளிவரும் நரம்பை பியூபிவகெயின் போட்டு மரக்க வைத்தோம். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு எதற்கு மரப்பு ஊசி என்று கேட்பவர்கள் உண்டு. மயக்கம் வலியை மறக்க வைக்கிறது, வலிச் செய்தி நரம்பில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மரப்பு ஊசி போட்டால் மயக்க வாயு குறைவாகப் போதும், விழிக்கும்போதும் அமைதியாக விழிக்கும். முணுமுணுப்பு இருக்கும் இதயத்துக்கு இது பெரிய உதவி.

104-ஐ எடுக்க ஈறை இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறி, எலும்புறையோடு சேர்த்து மடலாகத் தூக்கினேன். வேரின் வெளிப்பக்க எலும்பைப் பாதி வரை இழைத்ததும் பல் இளகியது. அவசரப்பட்டு உள்பக்கம் நெம்பினால் வேர் மூக்கறைக்குள் போய்விடும். பொறுமையாக வெளிப்பக்கமாகவே எடுக்க வேண்டும். எடுத்த குழியின் உள்சுவரில் பட்டாணி நுழையுமளவு ஓட்டை. அதன் ஓரத்தில் வளர்ந்திருந்த சதையைச் சுரண்டி, ஒரு துண்டை ஃபார்மலினில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கட்டியை மறந்துவிட முடியாது.

இந்த அறுவையின் வெற்றி ஒரே விஷயத்தில் இருக்கிறது. தையல் இழுபடக் கூடாது. மடலின் அடியில் உள்ள எலும்புறையைக் குறுக்கே வெட்டிவிட்டால் ஈறு ரப்பர் மாதிரி நீளும். கையை எடுத்த பிறகும் மடல் தானாக அண்ணத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். அப்படிக் கிடக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் விடுவிக்க வேண்டும், இழுத்துப் பிடித்துத் தைக்கக் கூடாது. முதல் முறை பிரிந்துபோனால் இரண்டாம் முறைக்குச் சதை மிச்சமிருக்காது. தானாகக் கரையும் நூலில் நெருக்கமாகத் தைத்தேன். மயக்கம் மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடம்.

விழித்த பிறகு

மாலையில் டீச்சர் வந்தார். எடுத்த 104-ஐக் காட்டினேன். சாக்பீஸைப் பிடிப்பது போல இரண்டு விரலில் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளையாத்தானே இருக்கு?"

"திருப்பிப் பாருங்க டீச்சர்."

உள்பக்கத்தில், ஈறுக்கு அடியில் இருந்த வேர் முழுக்கக் கரும்பழுப்புக் காரை, நகத்தால் வருடினால் சொரசொரத்தது. ஒரே பல்லின் இரண்டு முகம். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதோடயா தெனம் சாப்ட்டா?" என்று கேட்டார். சாப்பிடும். பல்வலியால் பட்டினி கிடக்கும் நாய் அபூர்வம். ஒரு பக்கமாக மெல்லும், மெல்லாமல் விழுங்கும், கெட்டியானதைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுக்கும். தட்டு காலியாகிவிடும். 'நன்றாகச் சாப்பிடுகிறது' என்பது வாய் நன்றாக இருப்பதற்குச் சாட்சியில்லை.

இரண்டு வாரம் மென்மையான உணவு, கழுத்தில் கூம்பு, கடித்து இழுக்கும் பொம்மைக்குத் தடை. வலிக்கு மெலாக்ஸிகாம், ஒரு வாரம் ஆன்டிபயாடிக். முதல் சில நாள் மூக்கில் ரத்தம் கலந்த நீர் வரும், தும்மலும் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஆனாலும் நான்காம் நாள் இரவு பத்து மணிக்குப் போன் வந்தது: "வரிசையா பதினோரு தும்மல் டாக்டர், தையல் பிரிஞ்சிடுச்சோ?" பிரியவில்லை. காலையில் பார்த்தேன், மடல் வெளிர் சிவப்பில் ஒட்டியிருந்தது. எனக்கும் அன்று இரவு தூக்கம் சரியில்லை.

ஆறாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. நாள்பட்ட அழற்சி மட்டும், கட்டிக்கான அணுக்கள் இல்லை. போனில் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. "டீச்சர்?" என்றேன். "இருக்கேன், இருக்கேன்" என்றார். இருந்தாலும் 'கட்டி' என்ற சொல்லை வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அவரிடம் சொன்னேன் என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இரண்டு வாரத்தில் காயம் மூடிவிட்டது. மூன்றாம் வாரம் தும்மல் நின்றது. வாய் நாற்றம் அதற்கு முன்பே போய்விட்டது.

துலக்குதல்

நான்காம் வாரம், தையல் நூல் கரைந்த பிறகு தொடங்கச் சொன்னேன். ஒன்பது வயது வரை பிரஷைப் பார்க்காத நாய்க்கு முதல் நாளே பிரஷை நீட்டினால் அதோடு முடிந்தது. முதல் வாரம் உதட்டைத் தூக்கிவிட்டு ஒரு தின்பண்டம். அடுத்த வாரம் விரலில் துணி சுற்றி ஈறு ஓரம் தடவுவது. அப்புறம்தான் பிரஷ், மென்மையான முள், ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக. வெளிப்பக்கம் போதும். பக்கத்துக்கு அரை நிமிடம், தினமும். படலம் இரண்டு மூன்று நாளில் கெட்டியாகிறது என்பதால் வாரம் ஒருமுறை துலக்குவது கிட்டத்தட்டத் துலக்காததுதான்.

நம் பற்பசை வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது. ஃபுளோரைடையும் நுரைக்கும் பொருளையும் விழுங்கிவிடும். சில பற்பசைகளில் சைலிடால் இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கும், அளவு கூடினால் கல்லீரலையும் கெடுக்கும். விலங்குகளுக்கான பசை இல்லாவிட்டால் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷே போதும், வேலை செய்வது முள்தான். கடிக்கக் கொடுக்கும் பொருள்களில், எலும்பு, மான்கொம்பு, குளம்பு மாதிரி நகம் பதியாத எதுவும் வேண்டாம். காரை போகிறதோ இல்லையோ, கடைவாய்ப்பல் பிளந்து வந்து நிற்கும் நாய்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

தினமும் துலக்கியிருந்தால் 104 தப்பித்திருக்குமா என்று டீச்சர் கேட்டார். கண்டிப்பாகத் தப்பித்திருக்கும் என்று சொல்லவில்லை. பிரஷ் நன்றாக எட்டுவது வெளிப்பக்கத்தை. இந்த இனத்தில் நோய் உள்பக்கமாகவே இறங்கும். துலக்குவது வேகத்தைக் குறைக்கும், ஆனால் மயக்கத்தில் வைத்து அளந்து பார்க்கும் வேலைக்கு அது மாற்று ஆகாது. ஐந்தாறு வயதில் ஒருமுறை அளந்திருந்தால் இதைப் பிடித்திருக்கலாம்.

என் பக்கம் மாறியது

பதிவேட்டில் 'பற்கள்: சுத்தம்' என்று எழுதுவதை விட்டுவிட்டேன். இப்போது 'வெளிப்பக்கம் பார்த்தது, உள்பக்கம் பார்க்கவில்லை, அளக்கவில்லை' என்று நீட்டி எழுதுகிறேன். எழுத எழுத எனக்கே கூச்சமாக இருந்து அடுத்த கேள்வியைக் கேட்க வைக்கிறது. ஒரு பக்க மூக்கில் சளி வந்து, முதல் ஆன்டிபயாடிக் முடிந்ததும் திரும்பினால், இரண்டாவதை எழுதுவதற்கு முன் வாயை அளந்துவிடுகிறேன். கட்டியைத் தேடி ஸ்கேனுக்கு அனுப்பும் நாய்களுக்கும் அதே மயக்கத்தில் இதைச் செய்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. வளர்ப்பவரிடம் 'எப்போது தும்முகிறது' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். நான் கேட்காமலே டீச்சர் பதில் சொன்ன கேள்வி அது.

ஆறு மாதத்தில்

மறுபடி மயக்கத்தில் அளந்தோம். பாதங்களுக்குச் சாக்ஸ் போட்டதில் உடல் சூடு 37.5-க்குக் கீழே போகவில்லை. 104 இருந்த இடத்தில் ஈறு வழவழவென்று மூடியிருந்தது. 204-இன் உள்பக்கம் 5 மி.மீ. இருந்தது 4 ஆகியிருந்தது. வெற்றி என்று சொல்லும் எண் இல்லை, எடுத்துவிடச் சொல்லும் எண்ணும் இல்லை. மறுபடி சுரண்டி, இன்னொரு ஆறு மாதம் தள்ளினோம்.

டீச்சர் நோட்டைக் கொண்டு வந்திருந்தார். இப்போது மூன்றாவதாக ஒரு பத்தி சேர்ந்திருந்தது: 'பல்'. தும்மல் பத்தி பக்கம் பக்கமாகக் காலி. பல் பத்தியில் வரிசையாகச் சிவப்பு மையில் டிக். நடுநடுவே சில பெருக்கல் குறி, பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தார்: 'கடிக்க வந்தாள்', 'ஊருக்குப் போயிருந்தேன்', ஒரு இடத்தில் 'எனக்கே சோம்பல்'.

அடுத்த தேதியைக் கேட்டு, கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.